மூங்கிலில் பூசிய சுண்ணாம்பு

வார்தினி அழுதுகொண்டு வரவில்லை. அது துகிஜானுக்குப் பிடித்திருந்தது. அழுதுகொண்டு வருகிறவர்கள் பாதியை மறைப்பார்கள் என்பது ஓய்வுபெறும்வரை பார்த்த போக்குவரத்துப் போலீஸ் வேலையில் அவர் கண்டது.

போன மாதம் அவள் புருஷன் கர்சோனோ செத்துப்போனான். ராத்திரியில் தெருவுக்குக் குறுக்கே ராக்காவல்காரர்கள் போடும் மூங்கில் தடுப்பு கழுத்தில் பட்டு, பைக்கோடு மல்லாந்து விழுந்தான். மெயின் ரோட்டிலிருந்தே விளக்கை அணைத்துக்கொண்டு தறிகெட்டு வந்தான், குடித்திருப்பான் என்றார் காவல் குழுத் தலைவர் ஹர்திமான். போலீசும் அதையே எழுதிக்கொண்டது. எழுதிவிட்டால் உண்மையாகிவிடுமாம். செத்தவனுக்காக ஏழு ராத்திரி வீட்டில் கூடி ஓதுவதற்கு அக்கம்பக்கத்தார் ஒருவரும் வரவில்லை.

"குடிகாரன் பொண்டாட்டின்னு ஒதுங்கிப் போறாங்கய்யா. காப்பிக்கு மேல அவரு எதையும் தொட்டதில்ல. அந்தப் பேரை மட்டும் தொடைச்சுக் குடுங்க."

துகிஜான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பைக் எங்கே என்று கேட்டார்.

கூடவே ஒட்டிக்கொண்டான் கித்தோ, பேட்டைக் காவல் ஊழியன். சீருடை மாட்டிய நாளிலிருந்து ஒரு திருடனையாவது பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. பைக்கைப் பார்த்ததும் முகம் தொங்கிவிட்டது. "விளக்கு சுவிட்ச் அணைச்சுத்தாண்ணே இருக்கு. அவங்க சொன்னது நெசம்."

துகிஜான் ஹெல்மெட்டைக் கேட்டார். அதன் முகக்கண்ணாடி மேலே தூக்கியபடி இருந்தது. பைக் கொக்கியில் அவன் மாட்டி வந்த மார்த்தபாக் பலகாரப் பொட்டலம் நசுங்கியதே தவிரச் சிதறவில்லை என்றாள் வார்தினி. அன்று தெருவில் கரண்டும் இல்லையாம்.

சாயங்காலம் காவல் குடிலுக்குப் போனார்கள். மூங்கில் தடுப்பு புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தது. துகிஜான் நகத்தால் சுரண்டினார். அடியில் ஒரு வெட்டு. பைக்கின் பக்கக் கண்ணாடிக் கம்பி கிழித்தது. அந்த வெட்டுக்குள்ளும் சுண்ணாம்பு இறங்கியிருந்தது. தடுப்பின் நடுவில் லாந்தர் மாட்ட ஓர் ஆணி. லாந்தரோ குடிலுக்குள் கிடந்தது. டோமினோ ஆடும் பாய்க்கு நேர் மேலே, கூரைத் தகரத்தில் வட்டமாகப் புகைக்கரி.

ஹர்திமானும் மற்ற இரண்டு காவல்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். வார்தினி வாசலிலேயே நின்றாள்.

"கித்தோ, ராத்திரி இந்தக் குடிலைத் தாண்டுறப்ப நீ என்ன பண்ணுவே?"

"விளக்கை அணைப்பேன், அவங்க கண்ணு கூசக் கூடாதுல்ல. கண்ணாடியத் தூக்கி மூஞ்சியக் காட்டுவேன். எல்லாரும் அப்படித்தானே..." கித்தோ பாதியில் நிறுத்திவிட்டான்.

"அதத்தான் அவனும் பண்ணிருக்கான். மெயின் ரோட்டுலேருந்து இருட்டுல வர்றவனுக்கு மூஞ்சியக் காட்ட என்ன வந்துச்சு? தறிகெட்டு வந்திருந்தா பொட்டலம் ரோடெல்லாம் சிதறியிருக்கும். உங்களுக்கு மரியாதை குடுத்து விளக்கை அணைச்சான், மெதுவா வந்தான். தடுப்புல தொங்க வேண்டிய லாந்தர் அங்க தொங்கியிருந்தா மூங்கிலைப் பார்த்திருப்பான்."

குடிலில் எப்போதும் கரண்டு பல்பு எரியும்போது தகரத்தில் கரி எப்படி வந்தது என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். கரண்டு போனதும் லாந்தரைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். பச்சை மூங்கில் இருட்டோடு இருட்டாக நின்றிருக்கிறது. அவன் செத்த பிறகுதான் வெள்ளை அடித்திருக்கிறார்கள், முன்பே இருந்ததுபோல.

ஹர்திமான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் வேகமாகப் போகும் பையன்களால் குழந்தைகளுக்கு அடிபடுகிறதென்று அந்தத் தடுப்பைக் கேட்டு வாங்கியவர் அவர்தான். போலீசிடம் நானே வந்து சொல்கிறேன் என்றார். வீடு வீடாகப் போய்ச் சொல்வதாகவும் சொன்னார். துகிஜான் நம்பவில்லை. இப்போதே கிளம்புங்கள் என்றார்.

வார்தினி அப்போதுதான் பேசினாள். "அவரு கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

ஹர்திமான் சொன்னார். "'வரேன் அண்ணே'ன்னு குரல் குடுத்தாரும்மா. எப்பவும் போல."

"நீங்க?"

"ஆட்டத்துலேருந்து தலையைத் தூக்கல. தடுப்பு எறங்கியிருக்கிறத மறந்து 'போங்க, போங்க'ன்னோம்."