நவமணியின் வலக்கை

நவமணியின் வலது முழங்கை நேராக இருந்தது.

சுகுமாரன் வெந்நீர்ப் பாத்திரத்தோடு கதவருகிலேயே நின்றுவிட்டான். பக்கவாதம் வந்த இந்த இரண்டு வருடத்தில் மாமியாரின் அந்தக் கை நெஞ்சோடு மடங்கி, மணிக்கட்டு உள்ளே வளைந்து, விரல்கள் முட்டியாக இறுகிக் கிடந்ததைத்தான் அவன் பார்த்திருக்கிறான். இப்போது அது யாரோ நீட்டிவிட்டதுபோல் உடம்போரமாகக் கிடந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. மதியத்திலிருந்து பாடாங் செராய் ஊர் முழுக்க விடாத மழை. செம்பனைத் தோட்டத்துப் பக்கச் சன்னலை அடைத்திருந்ததால் ஈரச் சுவரும் தைலமும் மூத்திரமும், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த முட்டிக்குள்ளிருந்து கசிந்த திரிந்த பால் வாடையும் அறையில் தேங்கி நின்றன.

அந்தக் கையைத் தினமும் திறந்தவள் அவன் மனைவி சாந்தினி. வெடுக்கென்று இழுத்தால் தசை எதிர்த்து இறுகும், பொறுமையாக நீட்டினால் ஒரு கட்டத்தில் தானே விட்டுக்கொடுக்கும் என்று அவனுக்கும் செய்து காட்டியிருக்கிறாள். "என்னம்மா, எனக்குத் தெரியாம உள்ள வடையா ஒளிச்சு வெச்சிருக்க?" என்பாள். பேச்சுப் போன நவமணி மூக்கால் சிரிப்பாள். டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சாந்தினி கேட்டது அது ஒன்றைத்தான். "அம்மா கைய தெனமும் தெறந்து கழுவிருங்க. நகம் உள்ள குத்துனா அழுகிப் போயிரும்."

அவன் தலையாட்டினான்.

சாந்தினியை எரித்த மறுநாள், நவமணியின் அக்காள் அழகம்மா சட்டம் போட்டாள்.

"பதினாறு முடியிற வரைக்கும் இந்த வீட்ல யாரும் நகம் வெட்டக்கூடாது மாப்ள. தங்கச்சிக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"அத்தை கைய பாக்க வர்ற நர்ஸ் கேப்பாங்க, பெரியம்மா."

"கேக்கட்டும்லா. நர்ஸு வீட்லயா சாவு?"

அந்தத் தடை அவனுக்கு வசதியாக இருந்தது. வெட்டக்கூடாது என்றால் திறக்கவும் வேண்டியதில்லை. கையுறை ஆலையில் நாளெல்லாம் ரப்பர் நாற்றத்தில் நிற்பவன்தான். ஆனாலும் அந்த முட்டிக்குள் இருக்கும் ஈரத்தைத் தொட அவனால் ஆகவில்லை. புறங்கையை மட்டும் துடைத்துப் பதினாறு நாளையும் ஓட்டினான். நேற்றுக் கருமாதி முடிந்தது. நாளைக் காலை நர்ஸ் வருவாள். கையைத் திறந்து பார்ப்பாள்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டிக்கொண்டான்.

"அத்தை."

அரைக்கண்ணைத் திறந்து வைத்தபடி தூங்குவது அவள் வழக்கம். தூக்கத்தில் தசை தளரும் என்று சாந்தினி சொல்லியிருக்கிறாள். நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலைத் தூக்கினான். வந்தது. பிசைந்த மாவிலிருந்து வருவதுபோல், எந்த எதிர்ப்பும் இல்லாமல். இரண்டு வருடத்தில் சாந்தினிக்குக்கூட இப்படி வந்ததில்லை.

விரலிடுக்கில் தோல் ஊறி வெளுத்திருந்தது. கையுறையோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. நடுவிரல் நகம் உள்ளங்கைச் சதையிலிருந்து ஈரச் சத்தத்தோடு பிடுங்கிக்கொண்டது. வாடை முகத்தில் அறைந்தது. பிறை வடிவில் நான்கு குழிகள், சாம்பல் நிறச் சீழ் கட்டி. மூன்றாவது குழியில் ஒன்று நெளிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அரிசி நிறம்.

பஞ்சை விட்டு வழித்தான். "மன்னிச்சிருங்க அத்தை," என்றான். பஞ்சு ஆழத்துக்குப் போனது. எலும்பில் தட்டியது.

அவள் முனகவில்லை.

நிமிர்ந்து பார்த்தான். கடைவாயில் காலைக் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்கோரமாக ஏறிய எறும்பு ஒன்று கண்ணின் வெள்ளையில் நடந்தது. கருவிழியைச் சுற்றிக்கொண்டு போனது.

இமை அசையவில்லை.

மறுகையின் மணிக்கட்டை அவள் கன்னத்தில் வைத்தான். சிமெண்டுத் தரையின் குளிர். எப்போது? காலையிலா? அவன் சோறு தின்றுகொண்டிருந்தபோதா?

அவன் விரல்கள் இன்னும் அவள் உள்ளங்கையில் இருந்தன. அங்கே மட்டும் சூடு. காய்ச்சல்காரியின் சூடு.

சுண்டுவிரல் முதலில் மடங்கியது.

பிறகு அடுத்தது.

வெடுக்கென்று இழுத்தான். இறுகியது. மறுபடி இழுத்தான். இன்னும் இறுகியது. மெதுவாக. மெதுவாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக. அது அவனோடு சேர்ந்து அதே மெதுவில் மூடியது. பதினாறு நாள் நகங்கள் முதல் கையுறையைக் கிழித்தன. இரண்டாவதையும். அவன் விரல்களின் கீழே, அந்தச் சூட்டில், அந்த ஈரத்தில், பல சின்ன உயிர்கள் புரண்டு இடம் மாறின.

முழங்கை மடங்கத் தொடங்கியது. அவன் முகம் அவள் நெஞ்சை நோக்கி இறங்கியது.

கட்டைவிரல் மட்டும் வெளியே நின்றது. பிறகு அதுவும் வந்து, அவன் விரல்களின் மேல் படிந்து, மூடியது.