ஆரிப்பை நம்பி நின்றவை

ஒன்றை நீக்கச் சொன்னால் நாற்பத்தொன்று நீங்கப்போவதாகத் திரை சொன்னது. அனு பார்த்தாள், படிக்கவில்லை. அந்த லினக்ஸ் சர்வரில் ஒரு மென்பொருளை நீக்கினால் அதை நம்பி ஓடுகிறவையும் சேர்ந்தே போகும். அவற்றைப் பட்டியல் போட்டுக் காட்டி, சம்மதமா என்று கேட்கும். கேள்வியே வராதபடி, கமாண்டோடு சேர்த்தே சம்மதத்தையும் அடித்துவிடுவது அனுவின் பழக்கம். "பட்டியலப் படிச்சிட்டு அடிங்கக்கா" என்று ஆரிப் நூறு தடவையாவது சொல்லியிருப்பான்.

கடையநல்லூர் முகம்மது ஆரிப். சங்கரன்கோவிலில் இந்த விசைத்தறிக் கூடத்தில், தறிகளுக்கு டிசைன் அனுப்பும் சர்வரை ஒற்றை ஆளாக நிறுவியவன். "அவன் எதுக்கு அண்ணாச்சி? நானே பாத்துக்கிடுதேன்" என்று முதலாளி ராமசுப்புவிடம் ஓதியவள் அனு. போன வாரம் அவனை அனுப்பிவிட்டார்கள். போகும்போது 'ஏன்க்கா இப்படி' என்று அவன் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை; அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவன் பெயரில் மிச்சமிருந்த கடைசி மென்பொருளையும் வழித்தெடுக்க இன்று உட்கார்ந்திருந்தாள்.

மாலை நாலரை. பஞ்சுத் தூசியும் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் புளித்த வாடையும் கலந்த காற்று, சுவருக்கு அப்பால் ஓயாத தறிகளின் தடதடப்பு, அதற்குள்ளும் தனியாகக் கேட்கிற பென்சில் உரசல். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கோமு, நாற்காலிக்குப் பின்னால் தரையில் குப்புறப்படுத்து, 'கோமதி' என்று பெயர் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆரிப் மாமா இனி வரவே மாட்டாகளா?"

"வாயை மூடிட்டு எழுதுட்டீ."

இரண்டு வருடங்களுக்கு முன் இந்தக் கூடத்துக்குப் பின்னால் கோமுவைப் பாம்பு கடித்தபோது, பைக்கில் அள்ளிப்போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தவன் ஆரிப். அது அனுவுக்கு மறக்கவில்லை. நினைக்கப் பிடிக்கவில்லை.

திரையில் வரிகள் இறங்கின. நீக்கப்பட்டது, நீக்கப்பட்டது. சுவருக்கு அப்பால் ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. டிசைன் போனால் தறி நிற்கும்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அடுத்த வரியில் 'சுவர்க்கடிகாரம்' என்றிருந்தது.

நிமிர்ந்தாள். ஆரிப் வாங்கி மாட்டிய கடிகாரம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

கடைசித் தறியும் ஓய்ந்தது. பென்சில் மட்டும் உரசிக்கொண்டிருந்தது. அனு முதல் முறையாகப் பட்டியலைப் படித்தாள். கடைசிப் பெயர் வரைக்கும்.

கோமதி.

நிறுத்தும் விசைகளை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. வரிகள் நிற்கவில்லை.

பென்சில் நின்றது.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. "கோமு?" கணவன் சங்கரசுப்புவுக்கு போன் போட்டாள்.

"கோமு... அங்கன வந்துட்டாளா?"

"ஏட்டி அனு, திரும்பவும் ஆரம்பிக்காத. பாம்பு கடிச்ச அன்னைக்கு ஒரு வண்டி கெடச்சிருந்தா நம்ம பிள்ள பொழச்சிருக்கும்லா. ரெண்டு வருசம் ஆச்சுட்டீ."

திரும்பினாள்.

நோட்டு இல்லை. பை இல்லை. பென்சில் இல்லை. சிமெண்டுத் தரையில் இரண்டு சின்ன முழங்கைகளின் வியர்வை ஈரம். மின்விசிறிக் காற்றில் அது காய்ந்துகொண்டிருந்தது.