மறுத்தவர்: ஈவா

ஈவா பதிந்தது இருபத்தேழு பேரைத்தான். பட்டியலின் அடியில் இருபத்தெட்டு என்று இருந்தது.

பந்தல்குடிக்கு வெளியே, தூத்துக்குடி சாலையோரம் இருந்த மிளகாய் வத்தல் கோல்டு ஸ்டோரேஜ் அது. யார் விரல் வைத்தால் எந்தக் கதவு திறக்கும் என்பதைத் திங்கள்கிழமை முதல் புது சாஃப்ட்வேர்தான் தீர்மானிக்கும். அதில் எல்லோருக்கும் கணக்கும் அனுமதியும் போட்டுவைக்க, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். வெளியே கருவேலங்காட்டின் மேல் மதிய வெயில் அசையாமல் நின்றது. உள்ளே, அவள் உட்கார்ந்திருந்த அலுவலக அறையில், குளிரூட்டும் எந்திரத்தின் ஓயாத முனகலும் சுவரில் ஊறிப்போன வத்தல் நெடியும் தவிர வேறொன்றுமில்லை.

இருபத்தெட்டாவது பெயர் ஆவுடைத்தாய். செல் நம்பர் இல்லை. கேட்டிருந்த அனுமதி: மூன்றாம் அறை, உள்ளிருந்து திறக்க.

பழைய பட்டியலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்து அழித்தாள். மறைந்தது. மறுபடி வந்தது. கூடவே ஒரு வரி: 'மூன்றாம் அறை, உள்பக்கம். விரல் வைக்கப்பட்டது. அனுமதி மறுக்கப்பட்டது.'

மணி 2.10. அதே வரி 2.11க்கு. 2.12க்கு.

யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று பதறி, கேட்டிலிருந்த வாட்ச்மேன் வீரணனுக்குப் போன் போட்டாள். நேற்றுச் சாயங்காலம் தானே பார்த்துத்தான் பூட்டியதாகவும் உள்ளே ஒரு ஆள் இல்லை என்றும் அவர் சொன்னார். ஆவுடைத்தாய் என்ற பெயரை ஈவா சொன்னதும் அவர் குரல் தணிந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் வத்தல் பொறுக்க வந்த திருச்சுழிப் பக்கத்துப் பெண். பொங்கல் லீவுக்கு முந்தின நாள், அவள் உள்ளே இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டார்கள். திறக்க மூன்று நாளானது.

"அண்ணே, இப்பவும் கேக்குறாக. நிமிசத்துக்கு ஒரு தடவ."

"ஒண்ணும் குடுத்துராதம்மா. எந்திரிச்சு வெளிய வந்துரு. நான் வாரேன்."

எழ முடியவில்லை. 2.19. 2.20. ஒவ்வொரு வரியின் முடிவிலும் இப்போது இரண்டு சொற்கள். மறுத்தவர்: ஈவா.

மூன்று நாள் தட்டியவளை இன்னும் தட்டவிட அவளுக்கு மனம் வரவில்லை. அனுமதி கொடுத்தாள்.

தாழ்வாரத்தின் கடைசியில் கனத்த கதவு மெல்லத் திறக்கும் சத்தம். எந்திரம் நின்றது.

திரையில் அடுத்தடுத்து வரிகள். மூன்றாம் அறை, வெளியேறினார். தாழ்வாரம், நுழைந்தார். அலுவலகம், அனுமதி வழங்கப்பட்டது. ஈவா விசையைத் தொடவேயில்லை. வழங்கியவர்: ஆவுடைத்தாய்.

வெளிவாசல் கதவுக்கு ஓடி விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தாள். சிவப்பு.

திரும்பினாள்.

அலுவலகத்தைத் தாழ்வாரத்திலிருந்து பிரிக்கும் கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம், இடுப்பு உயரத்தில், வெள்ளையாகப் பனி பூத்தது. ஒரு கை. ஐந்து விரல்.

பக்கத்தில் இன்னொன்று.

மூன்றாவது கை, கண்ணாடியின் உள்பக்கம் பதிந்தது.