மண் நாய் ஊதிய விசில்

கிருஷாந்தி செய்த மண் நாய்க்கு ஒரு காது பெரிது, ஒரு காது சிறிது. ஆனால் வாலில் வாய் வைத்து ஊதினால் சத்தம் வந்தது. அவளுக்கு அது போதும்.

நிலக்ஷி டீச்சர் கைபேசியில் படம் காட்டியிருந்தார். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியில், ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பறவை, குரங்கு, லாமா என்று விலங்குகளின் உருவத்தில் மண் விசில்கள் செய்தார்களாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அதுபோல ஒன்று வேண்டும். அவள் செய்த முதல் நான்கு மண் நாய்கள் அடுப்பில் சுடும்போது வெடித்துப் போயின. ஐந்தாவது தப்பியது.

சனிக்கிழமை காலை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் நின்று அதை நீளமாக ஊதினாள்.

மேலே மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அது கேட்டது. வேலையை மேற்பார்க்கும் கங்காணி விசில் ஊதினால் கொழுந்து நிறுக்கப் போக வேண்டும். இருபது பேரும் பாதி நிரம்பிய சாக்கோடு இறங்கிவிட்டார்கள். முதலில் வந்தது கிருஷாந்தியின் அம்மா ஜெயந்தினி. என்ன நடக்கிறது என்று பார்க்கக் கிருஷாந்தியும் ஓடினாள்.

கங்காணி மூக்கன் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு வரச் சொன்னது?"

"நீங்கதானே விசில் ஊதுனீங்க," என்றார் அம்மா.

"நான் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருக்கேன். நீதானே முன்னுக்கு வந்த? திங்கக்கிழமையிலருந்து உனக்கு உச்சி மலைதான்."

உச்சி மலையில் ஏற்றம் அதிகம், அட்டைக்கடியும் அதிகம். அம்மாவுக்கோ முழங்கால் வலி. கிருஷாந்தி கையிலிருந்த மண் நாயைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் நாய் பறிபோய்விடும்.

ஆனாலும் அவள் கங்காணிக்குப் பின்னால் போய் நின்று ஊதினாள்.

மூக்கன் சட்டென்று தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய விசில் அங்கேயே இருந்தது. பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"நான்தான் மாமா ஊதுனேன். அம்மாவ அங்க அனுப்பாதீங்க."

"அனுப்பல. அத இங்க குடு."

"ஒரு ஆணி இருந்தா தாங்க மாமா. டீச்சர் காட்டுன படத்துல வயித்துலயும் ஒரு ஓட்டை இருந்துச்சி. நான் போடாம விட்டுட்டேன். போட்டா சத்தம் மாறிரும்."

மூக்கன் முணுமுணுத்துக்கொண்டே ஓர் ஆணியைத் தேடிக் கொடுத்தார். அவள் நாயின் வயிற்றை மெல்லச் சுரண்டினாள். பெரிய காதில் பாதி உடைந்து விழுந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் ஓட்டை விழுந்தது. விரலை வைத்தும் எடுத்தும் ஊதினாள். கூ, கீ என்று இரண்டு சத்தம் வந்தது. காதுகளும் இப்போது ஒரே அளவாகிவிட்டன.

"கொண்டு போ," என்றார் மூக்கன். பெண்கள் மறுபடி மலை ஏறினார்கள்.

கொழுந்து நிறுக்கும் நேரம் வந்ததும் அவர் தன் விசிலை எடுத்து ஊதினார். மலையில் ஒருவரும் அசையவில்லை.

"நீங்கதானா கங்காணி?" என்று மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எதுக்கும் இன்னொரு தரம் ஊதுங்க."