மல்லாட்டைக் கடையில் சொன்ன வார்த்தை

புது ஊருக்குக் குடிபோனால் சிலர் முதலில் பால் காய்ச்சுவார்கள். நான் அடுப்பைப் பற்றவைத்த கையோடு கடைத்தெருவைப் பார்க்கக் கிளம்பிவிடுவேன். "இருதயமேரி காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள்" என்று என் வீட்டுக்காரர் ராயப்பன் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். நாலு சுவருக்குள் அடைந்து கிடந்தால் எனக்கு மூச்சு முட்டும். நல்ல புளி எங்கே கிடைக்கும், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும், எந்தக் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவார் என்பதெல்லாம் தெரிந்தால்தான் அந்த ஊரில் எனக்குத் தூக்கம் வரும்.

முப்பத்தோராம் வருஷம் ஆடி மாதத்தில் திண்டிவனத்தை விட்டு விழுப்புரத்துக்கு வந்தோம். அவருக்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலை. ஜங்ஷன் ஆனதால் நேரம் காலம் கிடையாது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு கிடைத்தது. எங்களுக்கு ஒரே பெண் ஜெயம், நாலு வயசு. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவளை நான் இடுப்பை விட்டு இறக்கியதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு மரியாதை சொல்லிக்கொடுத்து வளர்த்தேன். யார் வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடைக்குப் போனாலும், கிளம்பும்போது "போயிட்டு வர்றேங்க" என்று சொல்லியாக வேண்டும். அந்த மழலையைக் கேட்பதற்காகவே கடைக்காரர்கள் "எப்ப வருவ?" என்று வம்புக்கு இழுப்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

நாலு நாளில் ஊரைச் சுற்றிவிட்டோம். செக்கடிக்குப் போய்ப் பிண்ணாக்கு வாசனையில் நின்றோம். பாய் கடையில் சீட்டித் துணியைப் பிரித்துப் பார்த்து, எடுக்காமலே வந்தோம். மளிகைக் கடையில் ஜெயத்துக்கு ஒரு வெல்லக்கட்டி கிடைத்தது. ஆனால் அந்த ஊர் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பாதிக் கடைகள் பலகை சாத்தியிருந்தன. சாக்கடை ஓரமெல்லாம் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருந்தார்கள். ஆடித் திருவிழாவுக்கு ஊரைச் சுத்தம் செய்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் அவர் பகல் டூட்டிக்குப் போய்விட்டார். கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. ஏரியைப் பார்க்காமல் ஒரு ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியுமா? ஜெயத்தைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

உச்சி வெயில். கரைமேல் ஒரு ஆள் இல்லை. ஏரி முக்கால்வாசி வற்றிச் சேறு வெடித்துக் கிடந்தது. துணி துவைக்கிற கல் காய்ந்து வெளுத்திருந்தது. காற்று அடித்தது, ஆனால் மரங்களில் சலசலப்பு இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோதுதான் அந்த வாசனை வந்தது. சுடுமணலில் மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை, வறுபடும் வாசனை.

கரைக்குக் கீழே புங்கமரத்தடியில் ஒரு கீற்றுக் குடிசை. வாசலில் மண் அடுப்பு, அதன்மேல் இரும்புச் சட்டி. பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மாள் உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். தலைமுடி ஈரமாகத் தோளில் கிடந்தது. அகப்பை மணலில் உரசும் சத்தத்தைத் தவிர அங்கே வேறு சத்தமே இல்லை.

"மல்லாட்டை இருக்குதுங்களா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தாள்.

"கொழந்த பேரு இன்னா?"

"ஜெயம்" என்றாள் என் மகள்.

சட்டியிலிருந்து ஒரு கை அள்ளி ஜெயத்தின் பாவாடையில் கொட்டினாள். சுட்டுவிடுமே என்று பதறி நான் கையை வைத்தேன். மல்லாட்டை சில்லென்று இருந்தது. அடுப்பைப் பார்த்தேன். புகை இல்லை. நல்ல கரியாக இருந்தால் புகை வராதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது ஜெயம் வழக்கம்போல, "போயிட்டு வர்றேங்க" என்றாள்.

அகப்பை நின்றது.

"எப்ப வருவ?"

"நாளிக்கு."

"ஒங்கம்மா இட்டுக்கினு வரலன்னா?"

"நானே வருவேன்."

நான் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், "வார்த்த தவற மாட்டாங்க எங்க ஜெயம்" என்று வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பவுனு முறத்தோடு நின்றிருந்தாள். வந்த நாளிலிருந்து எனக்கு ஒத்தாசையாக இருந்தவள். ஜெயத்தின் பாவாடையை எட்டிப் பார்த்தாள்.

"ஏதுக்கா மல்லாட்ட? கடையெல்லாம் மூடிக்கீதே."

"ஏரிக்கரையில ஒரு அம்மா வறுத்துக்கினு இருந்தாங்க. பச்சப் பொடவ. தலைக்குக் குளிச்சிருந்தாங்க போல."

பவுனு முறத்தைக் கீழே வைத்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சம்மா செத்து ஆறு நாளாவுதுக்கா. நீங்க வந்தீங்களே, அதுக்கு மொத நாளு. ஊரெல்லாம் வாந்திபேதி. காலையில மல்லாட்ட வறுத்துக்கினு இருந்தது, பொழுது சாய்றதுக்குள்ள பூடுச்சி. வண்டியில போட்டு ஜல்தியா எடுத்துக்கினு பூட்டாங்க. ஒரு மோளம் இல்ல, பந்தல் இல்ல. புருசன் புள்ள யாரும் இல்லாத ஜென்மம், ஒக்காந்து அழுவக்கூட ஆளில்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க ஒண்ணும் சொல்லிக்கினு வரலியேக்கா?" என்றாள்.

ஜெயம் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். 'வருகிறேன்' என்ற வார்த்தையை அங்கே விட்டுவிட்டு வரக் கூடாது. மாதாவைக் கும்பிடுகிற எங்கள் வீடுகளிலும் அதே வழக்கம்தான். வாசலில் ஒரு பந்தல் இருந்திருந்தால், தெருமுனையில் ஒரு மேளம் கேட்டிருந்தால், நான் குழந்தையின் வாயைப் பொத்தியிருப்பேன். எனக்கு எப்படித் தெரியும்?

பவுனு ஒரு மல்லாட்டையை உடைத்தாள். ஓட்டுக்குள் ஈர மண்.

ஜெயத்தின் வாயைத் திறந்து பார்த்தேன். பல்லிடுக்கில் மண் ஒட்டியிருந்தது.

மறுநாள் உச்சிப் பொழுதில், தூங்கிக்கொண்டிருந்த ஜெயம் எழுந்தாள். கண் திறக்கவில்லை. நேராக வாசலைப் பார்த்து நடந்தாள். ஓடிப்போய்த் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அப்போதும் அவள் கால்கள் நிற்கவில்லை. காற்றில் நடந்துகொண்டே இருந்தன.

கதவைத் தாழிட்டேன்.

வெளியே, வாசற்படிக்குப் பக்கத்தில், மணலில் அகப்பை உரசும் சத்தம் கேட்டது.

கால் மணி நேரம். பிறகு நின்றது.

அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஜெயம் கூழைத் துப்பினாள். உடம்பு நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டே வந்தது. முதலில் சிரித்த ராயப்பன் பிறகு சிரிக்கவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். நாடி சரியாக இருக்கிறது, நோய் ஒன்றுமில்லை என்றார்கள். கோயிலில் சாமியார் நெற்றியில் சிலுவை போட்டு ஜெபித்துத் தீர்த்தம் கொடுத்தார். சாயங்காலம் பிள்ளை தெளிவாக இருந்தது. மறுநாள் உச்சியில் மறுபடி எழுந்து உட்கார்ந்தது.

இரண்டைப் பறிகொடுத்தவள் நான். மூன்றாவதையும் கொடுக்க என்னால் முடியாது. என் முந்தானையை அவள் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்தேன். நாலு ராத்திரி கண் மூடவில்லை. ஐந்தாம் நாள் பகலில் சுவரில் சாய்ந்தபடி ஒரு நிமிஷம் கண் அயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது முந்தானை என் மடியில் கிடந்தது. கிழியவில்லை. முடிச்சை யாரோ பொறுமையாக அவிழ்த்திருந்தார்கள்.

தாழ்ப்பாள் திறந்திருந்தது.

ஓடினேன். சந்து, கடைத்தெரு, செக்கடி, எல்லாம் தாண்டி ஓடினேன். யாரோ கூப்பிட்டார்கள். நிற்கவில்லை. கரைமேல் ஏறியபோது கீழே குடிசை வாசல் தெரிந்தது.

ஜெயம் அவள் மடியில் உட்கார்ந்திருந்தாள். அஞ்சம்மாள் குழந்தையின் தலையை விரலால் கோதிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டா" என்றாள் என்னைப் பார்த்து. அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது. "சொன்னாப்புல வந்துட்டா."

"கொழந்தைக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினேன். "அப்பிடிச் சொல்லணும்னு பழக்கனது நானு. அந்த வார்த்த என்னுது. எம் பொண்ணக் குடுத்துடு."

"அப்ப நீ வர்றியா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அவள் மடியில் இருக்கும்போதுகூட எனக்கு உயிர்மேல் ஆசை வந்தது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயசு.

"வர்றேன்" என்றேன்.

"எப்ப வருவ?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "இவ கல்யாணம் முடியட்டும். முடிஞ்சதும் வர்றேன்."

அவள் தலை கோதுவதை நிறுத்தினாள். பிறகு ஜெயத்தைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். என் கைக்கு வந்ததும் பிள்ளையின் உடம்பு சூடாயிற்று. "அம்மா, பசிக்குது" என்றாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நடந்துவிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் ராயப்பன் திண்டிவனத்துக்கே மாற்றல் கேட்டு வாங்கினார். ஜெயத்துக்கு அதன்பிறகு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. நன்றாகப் படித்தாள். டிரெயினிங் முடித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாள். என் காலில் இருந்த சக்கரம் மட்டும் கழன்றுபோயிற்று. கடைகண்ணிக்குக்கூட அவரையே அனுப்பினேன். "இவளுக்கு என்னமோ வயசாகிவிட்டது" என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பிறகு மாப்பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள்.

கடலூர்ப் பையனுக்குக் குடிப்பழக்கம் என்றேன். பிரம்மதேசத்துப் பையன் குட்டை என்றேன். ஒருவனின் அம்மா வாயாடி, ஒருவனுக்குப் பேச்சே வராது. இப்படி எட்டுப் பேரைத் திருப்பி அனுப்பினேன். அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் தங்கமான பிள்ளைகள். எனக்கே தெரியும்.

போன தை மாதம் ஜெயம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைத் தூக்கி எறிந்தாள்.

"எனக்கு இருபத்தோரு வயசு ஆவுதும்மா. கூட வேல செய்றவங்க எதிர்லயே சிரிக்கிறாங்க. நீ சாவுற வரைக்கும் என்ன ஒன் கூடவே வச்சிக்கினு இருக்கப் போறியா? சொல்லு, நான் ஒனக்கு இன்னா பண்ணேன்?"

அவளைக் காப்பாற்ற ஒரு வார்த்தை கொடுத்தேன். அப்புறம் என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி அவள் தலையணையில் முகத்தை வைத்து அழுததைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்பதாவதாக வந்தவர் சவுரிராயன். செங்கல்பட்டில் அச்சகத்தில் வேலை. நான் ஒரு குறையும் சொல்லவில்லை. ராயப்பன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

நேற்றுக் கல்யாணம். கோயிலில் ஜெயம் தலைகுனிந்து நின்றபோது அவ்வளவு அழகாக இருந்தாள். எனக்கு அழுகை வந்தது; பயத்தினால் இல்லை, சந்தோஷத்தினால்தான். இன்று காலைப் பாசஞ்சரில் பொண்ணு மாப்பிள்ளையோடு ராயப்பனும் உறவுக்காரர்களும் செங்கல்பட்டுக்குப் போனார்கள். இரவல் வாங்கிய அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று சொல்லி நான் தங்கிவிட்டேன். ஜெயம் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. எட்டுப் பேரை ஏன் வேண்டாம் என்றேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அவள் பள்ளிக்கூட நோட்டில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மணி பன்னிரண்டு அடித்துவிட்டது. வாசலில் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் தன் வாசலில் அமர்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கொஞ்சம் கண் அயரச் சொல்லிவிட்டு அவளாகவே எடுத்துப்போனாள்.

தெருக்கோடியில் யாரோ வீடு விசாரித்துக்கொண்டு வருகிறார்கள்.

கேட்கிறவரின் குரல் என் காதில் விழவில்லை. பதில் சொல்கிறவர்களின் குரல்தான் விழுகிறது.

"தெரியலீங்களே. எதிர் வூட்ல கேட்டுப் பாருங்க."

அடுத்த பதில் இன்னும் பக்கத்தில் கேட்கிறது.

"ரயில்வேக்காரரு வூடுங்களா? இன்னும் நாலு வூடு தள்ளிப் போங்க."

எழுந்து கதவைச் சாத்தலாம். சாத்தி என்ன ஆகப்போகிறது?

குப்பம்மாள் அண்டா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"விழுப்புரத்துல இருந்தா வர்றீங்க? இந்த வெய்யில்லயா? தோ, பந்தலு போட்டிருக்குது பாருங்க, அதாங்க. மேரியக்கா உள்ளதான் இருக்காங்க, போங்க."