கூவாத முனை

பெண் பார்க்க வந்தவர்கள் இனிப்புக் கச்சாயத்தைக் கையில் எடுப்பதற்குள், மாப்பிள்ளையின் அம்மா ரங்கநாயகி கைப்பையைத் திறந்து கிளைப்பெட்டியை எடுத்து நடு மேசையில் வைத்துவிட்டார். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஜாதகக் கட்டங்கள் ஓய்வு பெற்ற பிறகு கோயம்புத்தூரில் கல்யாணங்களை முடிப்பதும் முறிப்பதும் இந்தப் பெட்டிதான்.

"வடத்தப் போட்டுப் பாத்துட்டமுன்னா மத்ததெல்லாம் நிம்மதியாப் பேசலாமுங்க" என்றார் அவர்.

மணப்பெண் நித்திலா பெட்டியைப் பார்க்காமல் கச்சாயத் தட்டை நகர்த்தி வைத்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

காதுக்குப் பின்னால் மச்சம்போல ஒரு செருகுவாய் இல்லாதவர்கள் இப்போது யாருமில்லை. நினைவடத்தின் ஒரு முனையை நாமும் மறுமுனையை எதிரில் இருப்பவரும் மாட்டிக்கொண்டால் வாய் திறக்காமலே விஷயம் போய்ச் சேரும். எவ்வளவு போகும் என்பதில்தான் வித்தியாசம். மெதுகதியில் நாம் எடுத்துக் கொடுக்கும் வார்த்தை மட்டும், அதுவும் ஒவ்வொன்றாக. நடுகதியில் குரலும் படமும் சேர்ந்து போகும். விரைகதி என்றால் மொத்தமும் ஒரே வீச்சில்: வாசனை, வலி, சொல்ல வந்து விழுங்கியது உட்பட. ஊர் இவற்றுக்கு மாட்டுவண்டி, பஸ், ராக்கெட் என்று பெயர் வைத்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் படிப்புக்குப் பக்கத்தில் 'ராக்கெட்' என்று போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

வடத்தை மாட்டியதும் இரண்டு முனைகளும் தம்மால் முடிந்த உச்ச வேகத்தில் ஒரு முறை கூவிப் பார்க்கும். ஒன்றின் கூவல் மற்றதற்குக் கேட்டுவிட்டால் விரைகதி. பதில் வராவிட்டால் சத்தமில்லாமல் இறங்கி, மெதுவான முனை எதுவோ அதன் வேகத்துக்கு மற்றதும் ஓடும். நம் முன்னோர்கள் கணினியில் யுஎஸ்பி வயரைச் செருகிய காலத்திலிருந்து இதே ஏற்பாடுதான்.

நித்திலாவின் வேலையே இதில்தான். மண்டைக்குள் ஓடும் இயங்குதளத்துக்கும் செருகுவாய்க்கும் நடுவில் நின்று பேசுகிற மென்பொருளுக்கு இயக்கி என்று பெயர். அந்த இயக்கிக்கு இடைமுகம் வடிவமைப்பவள் அவள். அதாவது, இயக்கியிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று தீர்மானிப்பவள். 'இணைப்பு என்ன கதி?' என்று கேட்க வழி வைத்தவள் அவள். 'யாரால் கதி குறைந்தது?' என்று கேட்க வழி வைக்காதவளும் அவளே. இயக்கிக்கு விடை தெரியும், ஆனால் வாயைத் திறக்காது. நாலு பேர் நடுவில் ஒருவரைப் பார்த்து 'நீதான் மாட்டுவண்டி' என்று காட்டிக்கொடுக்கும் கருவி நமக்கு எதற்கு என்று நிர்வாகத்திடம் ஒற்றைக் காலில் நின்று சாதித்தாள்.

மாப்பிள்ளை பூபதி அதே அலுவலகத்தில் சோதனைப் பிரிவு. அவள் வடிவமைப்பதையெல்லாம் உடைத்துப் பார்ப்பதுதான் அவன் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. உடைத்துக்கொண்டே இருந்தவன் ஒரு நாள் உணவகத்தில் அவள் எதிரில் முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தான். பேச்சு வளர்ந்து வடம் போட்டுக்கொண்டார்கள். மெதுகதி என்று வந்தது.

பாவம், இவ்வளவு கெட்டிக்காரனுக்கு இப்படி ஒரு குறையா என்று அவளுக்கு மனசு கரைந்துபோனது. வேகமான முனை கூவும்போது மெதுவான முனைக்காரருக்குக் காதில் சுருக்கென்று ஒரு கூச்சம் வரும். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அதை ஞாபகப்படுத்த வேண்டுமா? அன்று சாயங்காலமே தன் முனையின் கூவலை அவனுக்காக மட்டும் அடக்கி வைத்தாள். விவரம் தெரிந்தவர்கள் செய்கிற மரியாதை அது. அதன் பிறகு இருவரும் வார்த்தை வார்த்தையாகத்தான் காதலித்தார்கள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது அந்த மரியாதை எல்லாம் செல்லுமா? அவன் குறை சுவரில் எல்லார் முன்னாலும் எழுதப்படப்போகிறது. அவளைப் பெற்ற வசந்தாமணி லேசுப்பட்டவர் இல்லை. "எம் புள்ள ராக்கெட்டு, மாட்டுவண்டிக்கெல்லாம் கட்டிக் குடுக்க மாட்டேன்" என்று காலையிலேயே சமையலறையில் அறிவித்திருந்தார்.

இரண்டு வடங்களையும் கிளைப்பெட்டியில் செருகினார்கள். சுவர்த்திரையில் எழுத்து வந்தது: மெதுகதி.

 இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள்.

"எம் பையன் கூட நான் எத்தனையோ தடவ வடம் போட்டிருக்கனுங்க. சுத்தமான விரைகதி. இது எங்க பக்கத்துக் கொற இல்லீங்க!"

"அப்ப எம் புள்ளையச் சொல்றீங்ளா? அவ பொறந்ததுலருந்தே ராக்கெட்டுங்க!"

நித்திலா எழுந்தாள். கல்யாணம் போனாலும் போகட்டும், பூபதி தலை குனியக்கூடாது. "அத்தை, கொற எங்கிட்டத்தானுங்க. கொஞ்ச நாளா எம் முனை சரியில்ல."

அதே நேரத்தில் பூபதியும் எழுந்துவிட்டான். "இல்லீங்க, எல்லாம் என்னாலதான். அம்மாகிட்டச் சொல்லல, எனக்கு இப்பெல்லாம் கூவலே வர்றதில்ல."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் 'நீ வா போ' என்று பேசுகிறவள், பெரியவர்கள் இருப்பதால் "நீங்க சும்மா இருங்க" என்று பல்லைக் கடித்தபடி மரியாதை கொடுத்தாள்.

ரங்கநாயகி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏம் அம்மிணி, நீதான இத வடிவமைச்சவ? யாருன்னு கேட்டுச் சொல்ல ஒரு வழி வெக்கலியா?"

"வேணும்னேதானுங்க அத்தை வெக்கல."

"இப்ப வெய்யி. இல்லாட்டி நாங்க கச்சாயத்த வெச்சுட்டுக் கெளம்பறோம்."

வேறு வழியில்லை. நித்திலா மடிக்கணினியை எடுத்து, சோதனைப் பதிப்பில் அந்தக் கேள்விக்கு ஒரு கதவைத் திறந்தாள். அவ்வளவு காலம் கட்டிக்காத்த கொள்கை, ஒரு தட்டுக் கச்சாயம் ஆறுவதற்குள் போய்விட்டது. கதி குறைந்தது யாரால் என்று இயக்கியைக் கேட்டாள். பூபதி பக்கம் பார்க்கவே அவளுக்குத் தைரியம் இல்லை.

சுவரில் எழுத்து மாறியது.

முனை ஒன்று: விரைகதி. கூவல் அடக்கம், சொந்த விருப்பம்.

முனை இரண்டு: விரைகதி. கூவல் அடக்கம், சொந்த விருப்பம்.

"நீயா?" என்றாள் நித்திலா, மரியாதை எல்லாம் பறந்துபோக.

"நீ மெதுகதின்னு நெனச்சேன்" என்றான் பூபதி. "உனக்குக் கூச்சமா இருக்கக்கூடாதுன்னு..."

"அப்ப மொதல் நாள் ஏன் மெதுகதின்னு வந்துச்சு?"

அவன் தன் விரல்களைப் பார்த்தான். "முறுக்கு" என்றான். "கையெல்லாம் எண்ணெய். அதோடயே செருகினேன்."

விவரம் தெரியாத யாராக இருந்தாலும் வடத்தைக் கழற்றி ஊதித் துடைத்து மறுபடி செருகியிருப்பார்கள். நாள் முழுக்க வடத்தோடு குடித்தனம் நடத்தும் இந்த இரண்டு பேருக்கும் அது மட்டும் தோன்றவில்லை. காரணம் எப்போதும் ஆழத்தில்தான் இருக்கும் என்று நம்பிப் பழகிவிட்டார்கள்.

நித்திலா முந்தானையால் இரண்டு செருகிகளையும் துடைத்தாள். அடக்கத்தை நீக்கி மறுபடி மாட்டினார்கள். விரைகதி! அவன் அத்தனை நாள் பட்ட இரக்கமும் ஆசையும் ஒரே வீச்சில் வந்து மோதியதில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே, அவள் பாட்டுப் பாடுவது அவனுக்கு அறவே சகிக்காது என்பதும் வந்து சேர்ந்தது. அவள் பக்கத்திலிருந்தும் ஏதோ போயிருக்க வேண்டும், அவன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ரங்கநாயகிக்குத் தலைகால் புரியவில்லை. "அருமையான கேள்வி அம்மிணி! எங்க, எங்களுக்கும் ஒருக்காக் கேட்டுச் சொல்லு. இவரு பொறவியிலேயே மெதுகதி. கட்டுன நாள்லருந்து ஒவ்வொரு வார்த்தையா ஊட்டி ஊட்டித்தான் குடும்பம் பண்ணிட்டிருக்கேன்."

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் கச்சாயம் தின்றுகொண்டிருந்த பூபதியின் அப்பா செங்கோடனுக்குப் புரையேறியது. "நமக்கெதுக்கு இந்த வயசுல அதெல்லாம்?"

அவர் மறுத்து முடிப்பதற்குள் வடத்தை மாட்டியாயிற்று. சுவர் ஒளிவு மறைவின்றிச் சொன்னது.

முனை ஒன்று: விரைகதி.

முனை இரண்டு: விரைகதி. கூவல் அடக்கம், சொந்த விருப்பம். திருமணமான மறுவாரத்திலிருந்து.

 வசந்தாமணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இத்தன வருசமா?" என்றார் ரங்கநாயகி. அவர் முகத்தில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் தெரிந்தது. "உங்களுக்கு முடியலியேன்னு நான் கோயில் கோயிலாப் போனனே!"

"கோவம் வந்தா நீ ரொம்ப வேகமா வருவீங்க... வருவே" என்று தடுமாறினார் செங்கோடன். "ஒவ்வொரு வார்த்தையா வர்றப்ப, நாலாவது வார்த்தைக்குள்ள உனக்கே கோவம் தீந்து போயிருது. அதனாலதான் நம்ம ஊட்டுல பெருசா ஒரு சண்ட கெடையாது. நெனச்சுப் பாரு."

ரங்கநாயகி நினைத்துப் பார்த்தார். உண்மையிலேயே பெரிய சண்டை எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதுவே அவருக்குக் கோபத்தைக் கிளப்பியது. "ஊட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் நிச்சயமானது. கை கழுவும் இடத்தில் செங்கோடன் நித்திலாவைத் தனியே பிடித்துக்கொண்டார். "கண்ணு, நீ மொதல்ல வெச்சிருந்ததுதான் சரி. அந்தக் கேள்விய எடுத்துப்போடு. ஊருல எத்தன குடும்பம் இருக்குது!"

அவர் கெஞ்சியது பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. அடுத்த பதிப்பில் அந்தக் கதவை அடைத்தாள். எதிர்காலத்தில் யாரும் திறக்க முடியாதபடி, தான் உட்பட, வன்பொருளிலேயே பூட்டிவிட்டாள். சோதித்துப் பார்த்து உறுதி செய்தவன் பூபதி. எவ்வளவு உடைத்தும் உடையவில்லை என்று பெருமையோடு அறிக்கை கொடுத்தான்.

கல்யாணமாகி ஒரு வருடம் போன பிறகு, ஒரு மாலை நித்திலா அலுவலகத்திலிருந்து கொதித்துக்கொண்டு வந்தாள். பூபதி காலையில் துவைத்த துணியை எடுக்காமல் போனதில் தொடங்கி மேலாளர் வரைக்கும் அவளிடம் புகார் குவிந்து கிடந்தது. சோபாவில் பூபதி பக்கத்தில் உட்கார்ந்து இருவருக்கும் வடத்தை மாட்டினாள்.

கண்ணோரத்தில் எழுத்து வந்தது: மெதுகதி.

கழற்றினாள். துடைத்தாள். ஊதினாள். மறுபடி மாட்டினாள். மெதுகதி. அவள் முனை நன்றாகக் கூவிக்கொண்டுதான் இருந்தது.

யாரால் என்று கேட்க அவள் விரல் தானாக எழுந்து, பிறகு அப்படியே நின்றது. கேட்க வழியில்லை. அவ்வளவு நேர்த்தியாக அடைத்தவள் அவள்தான்.

"என்ன, செருகியில தூசியா?" என்று கேட்டான் பூபதி, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

நித்திலா அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு முதல் வார்த்தையை அனுப்பினாள். அடுத்து இரண்டாவதை, மூன்றாவதை. நாலாவது போய்ச் சேருவதற்குள் கோபம் எதன்மேல் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.