இரண்டாம் விளக்கு

டிவிக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டியில் இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. ருக்மிணி ஒரு பட்டனைத்தான் அமுக்கியிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரம். ஸ்ரீராம்புரத்தின் அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் ஒரே சீரியலின் பாட்டு ஒன்றாக எழும்பி, தாளிப்பு வாசனையோடு கலந்து, எதிர்ச்சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. முனைக் கடைக்குப் பால் வாங்கப் போய் வந்தாலும் ஒரு வசனம் தப்பாது. கதவுக்குக் கதவு கைமாற்றி வீடுவரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவள் எழுந்து போய் இரண்டாம் விளக்கை அணைத்தாள். ஒயர் லூசாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சோபாவில் வந்து உட்கார்வதற்குள் அது மறுபடி எரிந்தது.

எந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனியின் ஆள் உமேஷ், போன வருஷம் வைத்துவிட்டுப் போன பெட்டி அது. "டிவி முன்னாடி உக்காந்தா உங்க நம்பரை அமுக்கணும். எழுந்தா திரும்ப அமுக்கணும். நீங்க ஒண்ணு, அண்ணா ரெண்டு. அவ்ளோதாம்மா."

"நாங்க பாக்குறது யாருக்குப்பா வேணும்?"

"ஐயோ, சும்னே இல்லம்மா" என்றான் கன்னடம் கலந்து. "உங்க ஒரு வீடு எத்தனையோ ஆயிரம் வீட்டுக்குச் சமம். நீங்க எதைப் பாக்குறீங்களோ அதுக்கு விளம்பரம் வரும். விளம்பரம் வர்றதுதான் ஓடும்."

அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே சொல்லக்கூடாது என்றிருந்தான். சொல்லாததே ஒரு பெருமையாக இருந்தது.

அவள் புருஷன் பச்சைமுத்து மட்டும் டிவி முன்னால் உட்காரமாட்டார். ஒக்கலிபுரம் யார்டில் ரயில் பெட்டி கழுவிவிட்டு, பினாயில் வாசனையோடு வந்து, நேராக உள்ளறைக் கட்டிலுக்குப் போய்விடுவார். செய்தித்தாளை விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படிப்பார். மழை, வெங்காய விலை, காணாமல் போனவர் என்று எதையும் விடமாட்டார்.

"இன்னா ருக்கு, உன் வீட்டுக்காரரு சாமியாரா?" என்பாள் பக்கத்து வீட்டு அல்போன்சா. "எங்காளு சீரியல் பாத்து மூக்கச் சிந்துறாரு. உங்காளுக்கு மட்டும் இன்னா வந்துச்சு?" சந்து சிரிக்கும். அல்போன்சா வீட்டுச் சோபாதான் ருக்மிணி வீட்டிலும். விளம்பரத்தில் பார்த்த சோபா, சந்து முழுக்கத் தவணையில் வந்து இறங்கியது. அதில் ஒருநாளும் சாயாத ஒரே ஆள் தன் வீட்டில் இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் அவருடைய பட்டனை அவளே அமுக்க ஆரம்பித்தாள். தினமும்.

"நான் எங்கடி பாத்தேன்?"

"பாத்தாதான் இன்னா, கண்ணு கொறஞ்சுடுமா? ஊரே பாக்குது."

"அதான் ஊரு பாக்குதே. அப்புறம் நான் எதுக்கு?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

சில மாசத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், சீரியலில் கல்யாணம். உள்ளறையிலிருந்து படிக்கிற குரல் வந்துகொண்டிருந்தது. அவள் சத்தத்தைக் கூட்டினாள். குரலும் கூடியது. இன்னும் கூட்டினாள். அந்த வாசிப்புக்கு நடுவே 'ருக்மிணி' என்று வந்தது. மறுபடியும் வந்தது. செய்தித்தாளில் ருக்மிணி என்ற பெயர் எதற்கு வரும்? கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். தாலி ஏறட்டும், போவோம் என்று இருந்தாள்.

போனபோது செய்தித்தாள் அவர் நெஞ்சின்மேல் கிடந்தது. விரல்கள் அதைக் கசக்கிப் பிடித்திருந்தன. கூடத்தில் இரண்டாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததாக.

'படிக்கிறார்னுதான் நெனச்சேன்' என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களும் அதே கல்யாணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் அந்த இரண்டாம் விளக்கை ஏற்றியதில்லை.

நேற்று உமேஷ் வந்தான். "அண்ணா எங்கம்மா?"

"வேலைக்கு" என்றாள். செத்துப்போனார் என்றால் என்றைக்கு என்று கேட்பான். அந்த நாளைக் கம்பெனியில் எடுத்துப் பார்த்தால் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்ததாக இருக்கும்.

"நல்ல வியூவரும்மா அண்ணா. முன்ன கொஞ்சம் லேட்டா வந்து உக்காருவாரு. இப்பல்லாம் டைட்டில் பாட்டுக்கே வந்துடறாரு. ஒருநாளும் தப்பறதில்ல."

அவன் போனதும் அவள் கதவைத் தாழிட்டாள்.

இப்போது, இரண்டாம் விளக்கு எரிந்தபடி இருக்க, பாட்டு முடிந்தது. அவளுக்குப் பக்கத்தில் சோபா மெல்ல அமுங்கியது. ரெக்சின் முனகியது. பினாயில் வாசனை.

அவள் திரும்பவில்லை.

படிக்கிற சத்தம் இல்லை. முணுமுணுப்புகூட இல்லை. அவ்வளவு அடக்கமாக அவர் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. திரையின் நீல வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஓரக்கண்ணில் ஒரு முழங்கால் தெரிந்து மறைந்தது.

"எழுந்து போய்யா" என்றாள். "உனக்குத்தான் புடிக்காதே. நீ உள்ள போய்ப் படி. நான் வர்றேன். இந்த வாட்டி கூப்ட ஒடனே வர்றேன்."

திரையில் யாரோ அழுதார்கள். சந்து முழுக்க அழுதார்கள். பக்கத்திலும் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அவள் எழுந்தாள். பார்க்காமல் நடந்தாள். உள்ளறை. இருட்டு. கட்டிலைத் தடவினாள். யாரும் இல்லை. விரிப்பு மட்டும் சூடாக இருந்தது, இப்போதுதான் ஒருவர் எழுந்து போனதுபோல.

அப்போது நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது.

கட்டிலில் சரிந்தாள். இடது கை மரத்தது. மூச்சு பாதியில் நின்றது. கூப்பிட வேண்டும். அல்போன்சா என்று கூப்பிட்டாள். குரல் வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது.

வாசல் நிலைக்கு அப்பால் கூடம் தெரிந்தது. சோபா தெரிந்தது.

சோபாவில் இரண்டு தலைகள்.

ஒன்று அவர். இன்னொன்று, அவளைப்போலவே கொண்டை போட்டது.

"ருக்மிணி" என்றாள். "ருக்மிணி."

கொண்டைத் தலை இந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. காது கொடுத்தது. கேட்டுவிட்டாள்.

கை நிதானமாக ரிமோட்டை எடுத்தது. திரையின் அடியில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு நீண்டது. இன்னும் நீண்டது.